ஜம்ப் பட்டன் "எடுக்கவில்லை" என்ற புகார், சக்தியைப் பறிக்கும் தொடக்கம், நினைவிழந்த ஹீரோ: ஆலோசனை தேவை

நீலச்சதுரம்:

யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் ஒரு 2டி பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை குதித்துப் போகும் விளையாட்டு). டெஸ்ட் பில்டை விளையாடியவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார்கள் இவை.

முதலாவது, "ஜம்ப் அழுத்தினேன், குதிக்கவே இல்லை." சிலருக்கு அடிக்கடி வருகிறது, சிலருக்கு எப்போதாவது. எடிட்டரில் எவ்வளவு முயன்றாலும் வரவைக்க முடியவில்லை. இப்போதைய அளவுகள்: குதிக்கும் உயரம் 3 டைல் (லெவலைக் கட்டும் சதுரக் கட்டம்), உச்சிக்குப் போக 0.4 செகண்ட், ஓட்டம் செகண்டுக்கு 6 டைல். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே ஈர்ப்பு. "மிதக்கிற மாதிரி இருக்கு" என்றும் சிலர் சொல்கிறார்கள்.

இரண்டாவது, தொடக்கம். முதல் 10 நிமிடம் ஹீரோவிடம் டபுள் ஜம்ப் (காற்றிலேயே இரண்டாவது குதி), டேஷ் (சட்டென்று பாய்வது), பெரிய வாள் எல்லாம் இருக்கும். கடைசியில் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. அதை வீழ்த்தியதும் ஒரு கட்சீன் (பார்க்க மட்டுமே முடியும் கதைக் காட்சி) வரும். அதில் பாஸ் எழுந்து ஒரே அடியில் ஹீரோவைச் சாய்த்துவிடும். ஹீரோ ஒரு குகையில் கண் விழிப்பான். சக்தி எதுவும் இல்லை, தான் யார் என்ற நினைவும் இல்லை. "ஜெயிச்சது நான், அப்புறம் ஏன் தோத்தேன்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

மூன்றாவது, நினைவிழப்பே தேய்ந்துபோன வழக்கு, தூக்கிவிடு என்கிறார்கள். தூக்க வேண்டுமா?

நடுவில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரு குட்டி ரோபோவைப் பாதுகாத்துக் கூட்டிப்போக வேண்டும். அதை யாருக்குமே பிடிக்கவில்லை. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

---

அரைஃபிரேம்:

ஜம்ப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதைக்கு இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஜம்ப் பட்டனை எங்கே படிக்கிறீர்கள்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓடும் அப்டேட்டிலா, இயற்பியல் கணக்குக்காகத் தனியாக ஓடும் ஃபிக்ஸட்அப்டேட்டிலா? "சிலருக்கு அடிக்கடி, சிலருக்கு எப்போதாவது" என்பதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும். யூனிட்டியில் ஃபிக்ஸட்அப்டேட் இயல்பாக 0.02 செகண்டுக்கு ஒருமுறை, அதாவது செகண்டுக்கு 50 தடவை ஓடும். "இப்போது அழுத்தப்பட்டது" என்ற தகவலோ திரையில் வரையப்படும் அந்த ஒரு ஃபிரேமுக்கு மட்டும்தான் உண்மை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆறு ஃபிரேமில் ஒன்றில் இந்த இயற்பியல் படி (ஃபிக்ஸட்அப்டேட்டின் ஒரு ஓட்டம்) ஓடாது. அந்த ஃபிரேமில் அழுத்தினால் அழுத்தம் காணாமல் போகும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஃபிரேம்கள் அப்படி வெறுமனே போகும். புகார் சொன்னவர்களிடம் திரையின் ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று கேட்டுப் பாருங்கள். எடிட்டரில் ஃபிரேம் ரேட் 50-ஐ ஒட்டி ஓடினால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படவே படாது.

தீர்வு சின்னதுதான். பட்டனை அப்டேட்டில் படியுங்கள். அழுத்தியதும் ஒரு டைமரில் 0.1 செகண்ட் போட்டு வையுங்கள். இயற்பியல் படி அந்த டைமரைப் பார்த்து, பூஜ்யத்துக்கு மேல் இருந்து கால் தரையிலும் இருந்தால் குதிக்க வைக்கட்டும். இதே டைமர்தான் ஜம்ப் பஃபர் என்பதும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தியவரின் அழுத்தமும் வீணாகாது.

அடுத்தது கயோட்டி டைம். கார்ட்டூனில் ஓடி வருகிற கயோட்டி மலைவிளிம்பைத் தாண்டிய பிறகும் கீழே பார்க்கும்வரை விழாதே, அதிலிருந்து வந்த பெயர். விளிம்பை விட்டு இறங்கிய பிறகும் 0.1 செகண்ட், அதாவது 60 ஃபிரேம் கணக்கில் 6 ஃபிரேம் வரை, தரையில் இருப்பதாகவே கணக்கில் கொள்ளுங்கள். 2018-இல் வந்த செலஸ்ட் என்ற விளையாட்டில் இந்தச் சலுகை 0.1 செகண்ட்தான். அதன் கதாபாத்திரத்துக்கான நிரலை உருவாக்கியவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால் 4 பிக்சல் வரை பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடும் திருத்தமும் அதில் உண்டு. விளையாடுபவர் இதையெல்லாம் கவனிக்கவே மாட்டார். "கன்ட்ரோல் நல்லா இருக்கு" என்பார், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் சேர்க்கும்போது மூன்று பிழைகள் தவறாமல் வரும்.

குதித்தவுடன் கயோட்டி டைமரைப் பூஜ்யமாக்க மறப்பது முதல் பிழை. அதே 6 ஃபிரேமுக்குள் இன்னொரு முறை தட்டினால் காற்றிலேயே இரண்டாவது குதி கிடைக்கும்.

அடுத்தது கொஞ்சம் நயவஞ்சகமானது. டைமரைப் பூஜ்யமாக்கினாலும், குதித்த பிறகு ஓரிரு படிகளுக்குத் தரைச் சோதனை "இன்னும் தரையில்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உடனே டைமர் மறுபடி நிரம்பிவிடும். மேல்நோக்கிய வேகம் இருக்கும்போது தரைச் சோதனையின் பதிலை ஏற்காதீர்கள். மேலே எழும் லிஃப்ட் மாதிரி நகரும் தளங்கள் இருந்தால், தளத்தின் வேகத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, பட்டனை விட்டால் குதியைக் குட்டையாக்கும் வசதியோடு பஃபர் மோதுவது. தரை தொடுவதற்கு முன்பே ஒருவர் தட்டிவிட்டு விரலையும் எடுத்துவிட்டார் என்று வையுங்கள். பஃபர் குதிக்க வைக்கும், ஆனால் "விட்டார்" என்ற நிகழ்வு ஏற்கெனவே முடிந்துபோனது. அதனால் சின்னத் தட்டுக்கு முழு உயரக் குதி வரும். பஃபரிலிருந்து குதிக்கும் அந்தக் கணத்தில் பட்டன் இன்னும் அழுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேகத்தை அங்கேயே பாதியாக்கிவிடுங்கள்.

இனி மிதக்கும் புகார். 3 டைல், 0.4 செகண்ட் என்றால் ஈர்ப்பு, 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம் = 37.5. தொடக்க வேகம் 15. ஏறும்போது இது சரி. இறங்கும்போது ஈர்ப்பை 1.7 மடங்காக்குங்கள், சுமார் 64. இறங்கும் நேரம் 0.4-இலிருந்து 0.31 செகண்டாகக் குறையும், மிதப்பு போய்விடும். விழும் வேகத்துக்குச் செகண்டுக்கு 20 டைல் என்று ஓர் உச்சவரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் உயரமான இடங்களிலிருந்து விழும்போது திசைதிருப்பவே நேரம் இருக்காது.

ஆனால் இதை மாற்றிய அன்றே எல்லா லெவலையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். இப்போது காற்றில் 0.8 செகண்ட் × 6 = 4.8 டைல் தாண்ட முடிகிறது. மாற்றிய பிறகு 0.71 × 6, அதாவது 4.25 சொச்சம்தான். 4.5 டைல் பள்ளம் எங்காவது இருந்தால் அது தாண்டவே முடியாத பள்ளமாகிவிடும். கட்டாயம் தாண்ட வேண்டிய பள்ளங்களை 3.5-க்குள் வையுங்கள். கயோட்டி டைம் தரும் கூடுதல் 0.6 டைலை நம்பி எந்தப் பள்ளத்தையும் அமைக்காதீர்கள். அது விளையாடுபவரின் தவறை மன்னிக்க வைத்தது, லெவல் போடுபவரின் தவறை மறைக்க அல்ல.

இன்னொன்று. டைல்மேப்பில் ஒவ்வொரு டைலுக்கும் தனிக் கொலைடர் (மோதலைக் கண்டறியும் எல்லை) இருந்தால், சமதரையில் ஓடும்போதே இணைப்புகளில் கால் தட்டி நிற்கும். காம்போஸிட் கொலைடர் போட்டு ஒன்றாக்குங்கள். தரைச் சோதனையை நடுவிலிருந்து ஒரே கோடாக விடாமல் பாதத்தின் முழு அகலத்துக்கும் விடுங்கள். இல்லாவிட்டால் பாதி உடல் விளிம்பில் நிற்கும்போது தரையே இல்லை என்று சொல்லும்.

---

கடைசிசேவ்:

அரைஃபிரேம் சொன்ன எல்லாவற்றையும் செய்யுங்கள். ஆனால் அதற்குப் பிறகும் முதல் புகார் முழுதாகப் போகாது என்று நினைக்கிறேன். காரணம் உங்கள் இரண்டாவது புகாரில் இருக்கிறது.

10 நிமிடம் டபுள் ஜம்ப் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 10 நிமிடத்தில் விரல் "தட்டு, தட்டு" என்று பழகிவிடும். குகையில் சக்தி போன பிறகும் விரல் இரண்டாவது தட்டைத் தட்டும். திரையில் ஒன்றும் நடக்காது. அவர் அதை "சக்தி போச்சு" என்று எடுத்துக்கொள்வதில்லை, "பட்டன் எடுக்கலை" என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதை உறுதி செய்வது எளிது. பலிக்காத ஒவ்வொரு ஜம்ப் அழுத்தத்துக்கும் ஒரு வரி லாக் (பதிவு) எழுதுங்கள்: தரையை விட்டு எத்தனை ஃபிரேம், அப்போதைய செங்குத்து வேகம் என்ன, அடுத்து தரை தொட எத்தனை ஃபிரேம் ஆனது. குதிக்காமல் விளிம்பிலிருந்து நழுவிய ஓரிரு ஃபிரேமில் குவிந்திருந்தால் கயோட்டி டைம் பிரச்சினை. தரை தொடுவதற்குச் சற்று முன் குவிந்திருந்தால் பஃபர். செங்குத்து வேகம் பூஜ்யத்தை ஒட்டி, அதாவது குதியின் உச்சியில் குவிந்திருந்தால், அது டபுள் ஜம்ப் பழக்கம்.

சக்தியைப் பறிக்கும் தொடக்கம் பழைய உத்தி, நன்றாகவே வேலை செய்யும் உத்தியும்கூட. 1997-இன் காசில்வேனியா: சிம்பொனி ஆஃப் தி நைட்டில் ஹீரோ அலுகார்ட் நல்ல ஆயுதங்களோடு கோட்டைக்குள் நுழைவான்; சில நிமிடங்களிலேயே மரணதேவன் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வான். 2002-இன் மெட்ராய்ட் பிரைமில் கப்பல் வெடிப்பில் நாயகி சேமஸின் கருவிகள் போகும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது, ஓட்டமும் அடிப்படைக் குதியும் கைவிட்டுப் போவதில்லை. கருவிகளும் கூடுதல் திறன்களும் மட்டுமே போகும். அலுகார்டிடம் பறித்த பொருட்களைப் பிறகு தேடி எடுக்கவும் முடியும், ஆகவே அது கடனாகத் தெரியும், திருட்டாகத் தெரியாது.

உங்கள் 10 நிமிடத்தை 3 நிமிடமாக்குங்கள். டேஷையும் வாளையும் பறியுங்கள், கதை அதற்கே போதும். டபுள் ஜம்ப்பைத் தொடக்கத்தில் கொடுக்கவே வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பறித்த பிறகு காற்றில் அழுத்தும்போது ஒரு சின்னப் பொறி, அணைந்துபோகிற ஒலி, காலடியில் ஒரு துளிப் புகை என்று ஏதாவது வரட்டும். அழுத்தம் வந்து சேர்ந்தது, சக்திதான் இல்லை என்று அது சொல்லிவிடும். இதை முதல் இருபது தடவை மட்டும் காட்டி நிறுத்திவிடலாம்.

அடுத்து, ஜெயித்தவனைக் கட்சீனில் தோற்கடிப்பது. இதுதான் நிஜமாகவே மோசமான வழக்கு. கை சொன்னதற்கு நேர்மாறாகக் கதை சொல்கிறது. கதையில் தோல்விதான் வேண்டும் என்றால் விளையாட்டிலேயே தோற்கடியுங்கள். 2009-இன் டெமன்ஸ் சோல்ஸில் தொடக்கத்தில் வரும் வேன்கார்ட் என்ற பாஸிடம் பெரும்பாலோர் சாவார்கள், கதையும் அங்கிருந்து தொடரும். யாராவது அதை வென்றுவிட்டால் அவரை மேலே போகவிட்டு, கொஞ்சம் பொருளும் கொடுத்து, அப்புறம் ஒரு பெரிய டிராகன் ஒரே குத்தில் முடித்துவிடும். 2019-இன் செகிரோவில் கெனிசிரோ என்ற எதிரியோடு முதல் சண்டையில் வென்றாலும் ஹீரோவின் கை வெட்டுப்படும்தான். ஆனால் வென்றவருக்குக் காட்சி வேறு: வெளியிலிருந்து ஒருவன் குறுக்கிட்டுக் கவனத்தைக் கலைத்ததால்தான் வெட்டு விழுகிறது. முடிவு மாறவில்லை என்றாலும், "நீ ஜெயித்தாய், பார்த்தேன்" என்று விளையாட்டு ஒப்புக்கொள்கிறது.

செய்யும்போது இவற்றைக் கவனியுங்கள். தோற்க வேண்டிய சண்டை ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பாஸின் ஹெல்த் பார் காட்டினால் ஜெயிக்கலாம் என்று அர்த்தம், எனவே காட்டாதீர்கள். அந்தச் சண்டையில் செலவான மருந்துகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேம் ஓவர் திரை ஒரு நொடிகூட வரக் கூடாது. வந்தால் பாதிப் பேர் பழைய சேவ் ஃபைலை லோட் செய்து மறுபடி முட்டிக்கொண்டிருப்பார்கள்.

நினைவிழப்புக்கு வருகிறேன் (அடுத்த வரிகளில் சில பழைய விளையாட்டுகளின் கதை வெளியாகும்). தேய்ந்த வழக்கு என்பதால் மட்டும் தூக்க வேண்டாம். இந்த உத்தி எதற்காக வந்தது? விளையாடுபவருக்கு அந்த உலகம் தெரியாது, ஹீரோவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க, ஹீரோவுக்கும் தெரியாது என்று ஆக்கிவிட்டார்கள். 1999-இன் பிளேன்ஸ்கேப்: டார்மென்டில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. ஹீரோவால் சாக முடியாது, செத்து எழும்போது நினைவை இழந்து வந்திருக்கிறான். அதனால் விளையாட்டில் செத்து எழுவதே கதையின் பகுதியாகிவிட்டது. 2017-இன் பிரெத் ஆஃப் தி வைல்டில் பழைய நினைவுகள் 12 படங்களாகக் கையில் இருக்கும். படத்தில் உள்ள இடத்தை வரைபடத்தில் தேடிக் கண்டுபிடித்து நின்றால்தான் நினைவு வரும். அங்கே நினைவு என்பது நடந்து போக ஒரு காரணம்.

உங்கள் சிக்கல் தேய்வு அல்ல. உங்களுடைய இரண்டு உத்திகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. நினைவிழப்பு வேலை செய்ய, ஹீரோவும் விளையாடுபவரும் ஒரே அளவு அறியாதவர்களாக இருக்க வேண்டும். நீங்களோ முதல் 10 நிமிடத்தில் அவன் யார், எதிரி யார், அவனால் என்ன முடியும் என்று எல்லாவற்றையும் விளையாடியே காட்டிவிட்டீர்கள். பிறகு குகையில் அவன் "நான் யார்?" என்று கேட்டால், விளையாடுபவருக்குப் பதில் தெரியும். அடுத்த சில மணி நேரம் ஏற்கெனவே தெரிந்ததை அவன் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

---

நீலச்சதுரம்:

இரண்டு பேருக்கும் நன்றி. பட்டன் ஃபிக்ஸட்அப்டேட்டில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். அதன்பிறகு லாக் போட்டு மூன்று பேரிடம் கொடுத்தேன். மிச்சமிருந்த பலிக்காத அழுத்தங்களில் பெரும்பாலானவை உச்சியில்தான், செங்குத்து வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். குகைக்குப் பிந்தைய முதல் இரண்டு லெவல்களில் நிறைய, போகப் போகக் குறைகிறது.

தொடக்கத்தை விட மனசில்லை. நினைவிழப்பை எடுத்துவிட்டால் அவன் ஏன் தன் சக்திகளை மறுபடி கற்க வேண்டும்?

---

கடைசிசேவ்:

மறுபடி கற்க வேண்டாம், திரும்பப் பெற வேண்டும். டேஷ் ஒரு பொருளில் இருந்தது, அந்தப் பொருளை எதிரி எடுத்துப் போனான். அவ்வளவே போதும். யார் எடுத்தது, எங்கே வைத்திருக்கிறான் என்பது விளையாடுபவருக்கும் ஹீரோவுக்கும் ஒன்றாகத் தெரியும், அதனால் கோபமும் ஒன்றாக இருக்கும்.

தொடக்கத்தில் பறிக்க முடியாத ஒன்றையும் கற்றுக்கொடுக்கப் பாருங்கள். 1994-இன் சூப்பர் மெட்ராய்டில் சுவரிலிருந்து உதைத்துக் குதிப்பது எந்தப் பொருளாலும் கிடைப்பதல்ல. முதலிலிருந்தே முடியும், ஆனால் விளையாடுபவருக்குத் தெரியாது. பாதி வழியில் சில குட்டி விலங்குகள் குதித்துக் காட்டும். அதைப் பார்த்துக் கற்க வேண்டும். அப்படி ஒரு நுணுக்கத்தை உங்கள் மூன்று நிமிடத்தில் வைத்தால், குகையில் எல்லாம் போன பிறகும் அது விளையாடுபவரின் கையில் இருக்கும். முதல் பூட்டிய வழியை அந்த நுணுக்கத்தால் திறக்கும்படி வையுங்கள்.

---

மூலைக்கல்:

ரோபோவை யாரும் தொடவில்லை, அதனால் சுருக்கமாக.

பாதுகாத்துக் கூட்டிப்போகும் மிஷன் வெறுப்பேற்றுவதற்கு வேகமே முக்கியக் காரணம். கூட வருபவரின் வேகம் உங்கள் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் இருந்தால், நடந்தால் பின்தங்குவீர்கள், ஓடினால் முந்திவிடுவீர்கள். ரோபோவின் உச்ச வேகத்தைச் செகண்டுக்கு 6.5 டைலாக வையுங்கள், ஹீரோவைவிடக் கொஞ்சம் கூட. நெருங்கியதும் அவனுடைய வேகத்துக்கே இறங்கட்டும். இரண்டு திரை அளவு பின்தங்கிவிட்டால் காமிராவுக்கு வெளியே, ஹீரோ கடைசியாக நின்ற பத்திரமான தரையில் கொண்டுவந்து போட்டுவிடுங்கள். ஹீரோவுக்கும் ரோபோவுக்கும் இடையே மோதலை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குறுகிய வழியில் அது அடைத்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து, அது சாகலாமா? 2013-இன் பயோஷாக் இன்ஃபினிட்டில் துணைக்கு வரும் எலிசபெத்தைச் சண்டையில் காப்பாற்றவே தேவையில்லை, அவள்தான் தோட்டா எடுத்துத் தருவாள். அதே ஆண்டின் தி லாஸ்ட் ஆஃப் அஸில் ஒளிந்து போகும்போது கூட வரும் எல்லி எதிரியின் கண்முன் ஓடினாலும் அவர்கள் கவனிக்க மாட்டார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்தான், ஆனால் துணை செய்த தப்புக்கு நீங்கள் சாவதைவிட மேல். 2001-இன் ஐகோ வேறு வழி: நிழலுருவங்கள் கூட வரும் யோர்டாவைக் கொல்லாது, தூக்கிக்கொண்டு போகும். ஓடிப்போய் இழுத்து மீட்க நேரம் கிடைக்கும். உங்களுக்கு இந்த மூன்றாவது பொருந்தும் என்று நினைக்கிறேன். தூக்கிப் போக 5 அல்லது 6 செகண்ட் கொடுங்கள்.

ரோபோ ஹீரோவுக்கு ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். தோளில் ஏறி நின்றால் ஒரு டைல் கூடுதல் உயரம் என்றாலே போதும், வெறுப்பு பாதியாகும்.

ஒரு மாற்றுக்கருத்து: அரைஃபிரேம் சொன்ன 0.1 செகண்ட் கயோட்டி செலஸ்ட் மாதிரி துல்லியமாகக் குதிக்கும் விளையாட்டுக்குச் சரி. குழந்தைகளும் விளையாடுவார்கள் என்றால் 0.15 வரை போகலாம்.

---

அரைஃபிரேம்:

0.15 போகலாம், ஆனால் 6 டைல் வேகத்தில் அது 0.9 டைல். ஏறத்தாழ ஒரு முழு டைல் அளவுக்குக் காற்றில் நின்று குதிப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் அவன் கொஞ்சம் கீழேயும் இறங்கியிருப்பான்: 64 ஈர்ப்பில் 0.15 செகண்டுக்கு 0.7 டைல். அங்கிருந்து குதித்தால் எட்டும் உயரம் அந்த அளவுக்குக் குறையும், விளிம்புக்கு எதிரே உள்ள மேடையில் ஏற முடியாமல் போகலாம். அவ்வளவு தாராளம் வேண்டுமானால் கயோட்டி நேரத்தில் ஈர்ப்பையும் பாதியாக்குங்கள். "எளிது" என்று ஓர் அமைப்பு வைத்து அதில் மட்டும் செய்வது இன்னும் நல்லது.

நீலச்சதுரம், ஒன்று சொல்ல விட்டுப்போனது. உங்கள் வசனப் பெட்டியை மூடுவதும் ஜம்ப் பட்டன்தானே? அப்படியென்றால் கடைசி வசனத்தை மூடிய அழுத்தம் பஃபரில் உட்கார்ந்துகொள்ளும், பெட்டி மூடியதும் ஹீரோ காரணமில்லாமல் ஒரு குதி குதிப்பான். விளிம்பில் நின்று பேசியிருந்தால் நேரே பள்ளத்தில் விழுவான். வசனம், கட்சீன், விளையாட்டை இடைநிறுத்தும் மெனு, லெவல் லோட் என்று கட்டுப்பாடு விளையாடுபவரிடம் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு டைமரையும் பூஜ்யமாக்கிவிடுங்கள்.